மெல்லுகிறவரை எழுப்பக் கூடாது

அந்த உணவகத்துக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் அதைச் சொல்லும்போதே வாயில் ஒரு ருசி வந்துவிடுமாம். வருகிறவர்கள் வெறும் வாயோடு வர வேண்டுமாம். வாசலில் பலகை கிடையாது, ஜன்னல் கிடையாது, தொலைபேசி எண் கிடையாது. இத்தனையும் இல்லாத இடத்துக்கு உலகமெல்லாம் பேர். வருடத்துக்கு ஒரே ஒரு நாள், நான்கே நிமிடம், கணினியில் முன்பதிவைத் திறந்து விடுவார்கள். பெரிய பெரிய டாக்டர்களும் தொழிலதிபர்களும் பட்டனைத் தட்டித் தட்டி விரல் வீங்கி உட்கார்ந்திருக்க, அந்த வருடம் இரண்டு இடம் கிடைத்தது ஒரு லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு. அவருடைய மகள் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். விரல் வேகத்தில் அவளை அடிக்க ஆளில்லை.

மகள் அதைத் தட்டியது அம்மாவுக்காக. அம்மா ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடமாகச் சமையல்காரி, அடுத்த மாதம் ஓய்வு. இந்த முப்பத்தொரு வருடத்தில் அவள் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டதே இல்லை. எல்லா வார்டுக்கும் போய்ச் சேர்ந்த பிறகு, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு, ஆறி அவலாய்ப் போனதை இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். வீட்டிலும் அதே கதைதான். கல்யாணத்தன்றே ஆரம்பித்தது. விருந்து பாதியில் சமையல்காரர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட, கல்யாணப் பெண்ணே உள்ளே போய் அடுப்பைப் பார்க்க வேண்டியதாயிற்று.

மெக்கானிக் அதற்குப் பரிகாரமாக, பத்தாவது கல்யாண நாளன்று அவளை ஓர் ஓட்டலுக்கு அழைத்துப் போனார். தட்டு வருவதற்கு முன்னால் போன் வந்தது. ஏழு மாடிக் கட்டிடத்தில் யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். எழுந்து போய்விட்டார். தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்பட்டு அவளும் எழுந்து வந்துவிட்டாள். பதினைந்தாவது கல்யாண நாளிலும் அதே, லிஃப்ட் மட்டும் வேறு. இருபதாவதுக்குக் கூப்பிட்டபோது அவள் வரவில்லை. அது அவருக்கு உள்ளுக்குள் முள்ளாகவே இருந்தது.

இப்போது இடம் கிடைத்துவிட்டது என்றதும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாங்க. நான் உட்கார்ந்திருக்கணும். இன்னொருத்தர் சூடா ஒரு தட்டு கொண்டாந்து முன்னாடி வைக்கணும். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் எந்திரிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"அன்னைக்கு எந்த லிஃப்ட் நின்னாலும் நான் போக மாட்டேன்" என்றார் அவர். அவள் புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

பணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். வாங்கிய பிறகு, பணத்தைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று ஒரு குறிப்பு அனுப்பினார்கள். அதோடு நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு படிவம் வந்தது. அதற்கு 'நாவின் வாழ்க்கை வரலாறு' என்று தலைப்பு. முதல் கேள்வி: உங்களுடைய முதல் பசியை விவரிக்கவும்.

அவள் யோசித்துவிட்டு 'மத்தியானம்' என்று எழுதினாள். ஒரு வாரத்தில் படிவம் திரும்பி வந்தது. போதிய ஆழம் இல்லை என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அவள் 'மத்தியானம்' என்பதை அடித்துவிட்டு 'ராத்திரி' என்று எழுதி அனுப்பினாள். உடனே ஏற்றுக்கொண்டார்கள், பாராட்டுக் கடிதத்தோடு.

மெக்கானிக்குக்கு முப்பத்தாறாம் கேள்வியில்தான் தலை சுற்றியது. 'உருளைக்கிழங்குக்கு நீங்கள் இழைத்த அநீதி என்ன?' என்று கேட்டிருந்தார்கள். மனசாட்சிப்படி 'தெரியாது' என்று எழுதினார். அதுவும் தேறிவிட்டது. மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் வரிசையில் அவரைச் சேர்த்து, அவருக்குச் சுவர் ஓரமாக நாற்காலி ஒதுக்கினார்கள்.

அப்புறம் வீட்டைப் பார்வையிட ஓர் அம்மாள் வந்தார். விருந்தினர் தயாரிப்பு அதிகாரி என்பது அவருடைய பதவி. சாம்பல் நிறத்தில் உடை, சாம்பல் நிறத்தில் கையுறை, பேச்சும் கிட்டத்தட்ட அந்த நிறம்தான். அடுக்களைக்குள் போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூக்கை நுழைத்துப் பார்த்தார். உப்பு ஜாடியைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார். நாற்பது நாளைக்கு உப்பு, இனிப்பு, காரம், புளிப்பு எதுவும் கூடாது, அடுப்பிலிருந்து நேராக இறங்கிய எதுவும் கூடாது, 'நல்லா இருக்கு' என்ற சொல்லை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று பட்டியல் போட்டார்.

ஆஸ்பத்திரிச் சமையலில் தான் முப்பத்தொரு வருடமாக உப்பே போட்டதில்லை என்று அவள் தயக்கத்தோடு சொன்னாள். அதிகாரியின் முகத்தில் முதல்முறையாக ரத்தம் ஓடியது.

"முப்பத்தொரு வருஷமா? எங்க விருந்தினர்கள் இதுக்காக மலை உச்சிக்குப் போய் மாசக்கணக்கா தங்குறாங்க. உங்க நோயாளிகளுக்கு இது கிடைக்குதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். தினமும் திட்டுவாங்க" என்றாள் அவள்.

"திட்டத்தான் செய்வாங்க. உயர்ந்த விஷயம் யாருக்கும் பிடிக்காது. எங்ககிட்டயும் யாருக்கும் எதுவும் பிடிச்சதில்லை. அதனாலதான் திரும்பத் திரும்ப வர்றாங்க." இதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாள், தான் சொன்னதைத் தானே குறித்துக்கொண்டு போனார்.

அந்த நாற்பது நாளை மெக்கானிக் எப்படித் தள்ளினார் என்பது அவருக்குத்தான் தெரியும். லிஃப்ட் கூண்டின் தலையில் கிரீஸ் கையோடு உட்கார்ந்து, உப்பில்லாத ஆறின உருளைக்கிழங்கைக் கடித்து, தண்ணீரை ஊற்றி உள்ளே தள்ளினார். கூட வேலை செய்கிறவர்கள் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். சாப்பிடப் போகிறோம் என்றார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

நடுவில் நாக்குக்குச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. நாக்கை முன்பக்கமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற ஸ்டுடியோக்காரர், நாக்கை மட்டும் நீட்டிவிட்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளும்படி அவளிடம் மன்றாடினார். அவளுக்குச் சிரிப்பு வந்து வந்து பதினோரு படம் பாழானது. அந்த நாற்பது நாளில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

விதிப் புத்தகம் ஒன்றும் வந்தது. கரண்டியை எந்தக் கோணத்தில் பிடிப்பது, கண் கலங்கினால் எந்தக் கையால் துடைப்பது, இருமல் வந்தால் யாரைப் பார்க்காமல் இருமுவது என்று தொண்ணூற்றிரண்டு விதிகள். மெக்கானிக்குக்கு எந்தப் புத்தகமானாலும் ஒரு வரி விடாமல் படிக்கிற பழக்கம் உண்டு. லிஃப்ட் கம்பெனிக் கையேடுகள் ஊட்டிய பழக்கம். அவர் படித்ததிலேயே அவருக்கு அர்த்தமுள்ளதாகப் பட்டது பதினேழாம் விதி மட்டும்தான்: மெல்லுகிறவரை எக்காரணம் கொண்டும் எழுப்பக் கூடாது, மெல்லுதல் புனிதமானது. அதை மனைவியிடம் வாசித்துக் காட்டினார்.

"பரவாயில்லையே. ஒண்ணாவது உருப்படியா எழுதியிருக்காங்க" என்றாள்.

பயணத்திலும் அவர்கள் இஷ்டம்தான். கணவனும் மனைவியும் அந்நியர்களாக வந்து சேர்ந்தால்தான் உணவு அவர்களை அறிமுகப்படுத்தும் என்பது உணவகத்தின் கொள்கை. ஆகவே அவளுக்கு இரண்டாவது பெட்டி, அவருக்கு ஒன்பதாவது பெட்டி. நடுவில் ஒரு நிலையத்தில் வண்டி நின்றபோது அவர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடினார். ஜன்னலண்டை நீட்டியதும், உணவகத்தின் ஆள் ஒருவர் எங்கிருந்தோ முளைத்து, நீங்கள் இருவரும் இன்னும் சந்திக்கவில்லை என்று பணிவோடு நினைவூட்டி பாட்டிலை வாங்கிக்கொண்டு போனார். வண்டி கிளம்பிவிட்டது. அவள் ஜன்னலுக்குள்ளிருந்து கையை மட்டும் ஆட்டினாள்.

ரயிலை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒரு சாலை உணவகத்தின் வாசல்வரைக்கும் போகிறது. அதில் காய்கறி வண்டி போவதை அவர்களே பார்த்தார்கள். விருந்தினர்கள் மட்டும் பக்கத்து வயல்வெளியில் இறங்கி வழியைத் தொலைக்க வேண்டும். தொலைக்க உதவுவதற்கு வழிகாட்டி ஒருவரை நியமித்திருந்தார்கள். அவள் கல்யாணப் புடவைக்கு அடுத்தபடியாக வைத்திருந்த நல்ல புடவை முழங்கால் வரை சேறாயிற்று. காலையிலிருந்து இருவரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. அதுவும் விதி.

உள்ளே, இவர்கள் இருவரையும் சேர்த்து, பதினோரு பேர் ஒரு நீளமான கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், பத்திரிகையில் உணவைப் பற்றி எழுதும் விமர்சகர் ஒருவர், மற்றவர்கள் பார்த்தாலே பசி அறியாதவர்கள். சுவரில் சின்னக் கதவு ஒன்று. அது சாப்பாடு ஏறி வரும் லிஃப்ட். சமையற்கட்டு இரண்டு மாடி கீழே நிலவறையில் இருந்தது, வாசனை மேலே வந்து யாரையும் புண்படுத்தக் கூடாது என்பதற்காக. மேடைபோல உயர்ந்த ஒரு நாற்காலியில் தாடியை வருடிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் உணவகத்தை உண்டாக்கியவர். அவரை எல்லாரும் மேதை என்றே அழைத்தார்கள். அவர் சமைப்பதில்லை, நினைப்பார்.

மணி அடித்தது. மெக்கானிக்கின் தலைக்குப் பின்னால் மோட்டார் உறுமியது. 'டக்' என்று நின்றது. மறுபடி உறுமி, மறுபடி 'டக்'. அவருக்குக் காது மடல் விறைத்தது. தாய்க்குக் குழந்தையின் அழுகை புரிவதுபோல் அந்தச் சத்தம் அவருக்குப் புரியும். கீழே எங்கேயோ கதவு சரியாக மூடவில்லை, கூண்டு பாதி வழியில் நிற்கிறது.

பரிமாறுகிறவர் சின்னக் கதவைத் திறந்து பார்த்தார். இருட்டு. மூடினார். அதிகாரி அம்மாளின் காதில் ஏதோ சொன்னார். அம்மாள் மேதையின் காதில் ஏதோ சொன்னார். மேதை கண்ணை மூடித் திறந்தார். சிறிது நேரத்தில் அலமாரியிலிருந்து பதினோரு தட்டுகளை எடுத்து ஆளுக்கொன்று முன்னால் வைத்தார்கள். வெறும் தட்டு.

"முதல் படைப்பு. எதிர்பார்ப்பு" என்று அறிவித்தார் அம்மாள்.

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நீதிபதி தட்டைக் குனிந்து முகர்ந்தார். விமர்சகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இடது கையால் கண்ணைத் துடைத்தார், விதிப்படி. கால் மணி நேரத்தில் அந்தத் தட்டுகளை எடுத்துவிட்டு வேறு தட்டுகள் வந்தன. அவையும் காலி. அதற்கு 'இழப்பு' என்று பெயர். மூன்றாவது 'மன்னிப்பு'. 'மன்னிப்பு' கொஞ்சம் காரமாக இருப்பதாக ஒரு சீமாட்டி பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தார்.

அவள் தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"லிஃப்ட் மாட்டிக்கிச்சு" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டே.

பத்தாவது கல்யாண நாளும் பதினைந்தாவது கல்யாண நாளும் அந்த மேஜையில் வந்து உட்கார்ந்துகொண்டன.

"உள்ள யாராவது மாட்டிக்கிட்டிருக்காங்களா?"

"இல்லை. நம்ம சாப்பாடுதான்."

அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். நான் போக மாட்டேன் என்றுதானே சொன்னேன் என்று முணுமுணுத்தார். இத்தனை பேர் இருக்கிறார்களே, யாராவது பார்க்க மாட்டார்களா என்றும் சொன்னார். அதிகாரி அம்மாளைக் கையசைத்துக் கூப்பிட்டு, கீழ்க்கதவில் ஏதோ சிக்கியிருக்கிறது, இரண்டு நிமிட வேலை என்று விளக்கினார். அம்மாள் இரக்கத்தோடு அவர் தோளைத் தொட்டார்.

"பசியைத் தாங்க முடியாதவங்க அதுக்கு ஏதாவது ஒரு பேர் வைப்பாங்க. நீங்க லிஃப்ட்னு வெச்சிருக்கீங்க. போன வருஷம் ஒருத்தர் சர்க்கரை வியாதின்னு சொன்னார்."

ஆறாவது தட்டு வந்தபோது மேதை எழுந்து நின்றார். கூடம் மூச்சை அடக்கிக்கொண்டது.

"பதினாறு வருஷமா எனக்கும் உங்களுக்கும் நடுவுல உணவு நின்னுக்கிட்டிருந்தது. நான் எவ்வளவோ குறைச்சுப் பார்த்தேன். ஒரு பட்டாணி வெச்சேன். அரைப் பட்டாணி வெச்சேன். அந்த அரைப் பட்டாணியையும் நீங்க சாப்பிட்டீங்க. எனக்கு எவ்வளவு வலிச்சதுன்னு உங்களுக்குத் தெரியாது. இன்னைக்குத்தான் நான் சமையல்லேருந்து விடுதலை ஆனேன்."

எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நீதிபதி தேம்பினார். அவரவர் வயிறு போட்ட இரைச்சலும் கைதட்டலில் கலந்துவிட்டது. தன் மனைவி கேட்டது சூடாக ஒரு தட்டு. இந்த மனிதருக்கு அரைப் பட்டாணியைக் கொடுக்க வலித்திருக்கிறது. மெக்கானிக் கைப்பிடியை விட்டுவிட்டு நாற்காலி நுனிக்கு வந்தார்.

"போயிட்டு வாங்க" என்றாள் அவள், தாழ்ந்த குரலில். "நான் உட்கார்ந்திருக்கேன். இந்தத் தடவை எந்திரிக்க மாட்டேன்."

கழிப்பறைக்கு என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வந்தார். சத்தம் வந்த திக்கைப் பிடித்து, படிகளில் இறங்கினார். எண்ணிக்கொண்டே இறங்குவது தொழில் பழக்கம். ஐம்பத்திரண்டு படிகள்.

கீழே சமையற்கட்டில் ஒரே ஒரு ஆள், தோளில் துண்டோடு. பருத்த உடம்பு, வியர்வையில் நனைந்த சட்டை. அடுப்பில் சட்டி சீறிக்கொண்டிருந்தது. மேலே போக வேண்டிய பதினோரு தட்டுகளும் லிஃப்டுக்குள் போனதோடு சரி, ஒன்றரை மணி நேரமாக மணியை அடித்துப் பார்த்துவிட்டார், யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று முடிவுகட்டி, தனக்காக இரண்டு முட்டையும் உருளைக்கிழங்கும் பொரித்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் லிஃப்ட் கதவருகே குனிந்தார். நினைத்தது சரிதான். கதவின் அடிப்பகுதியில் ஒரு தேக்கரண்டி விழுந்து சொருகியிருந்தது. இரண்டு நிமிடம் வேண்டாம், இரண்டு விரல் போதும். உள்ளே இருக்கிற தட்டுகளில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"அரைப் பட்டாணி. கல்லு மேல வெச்சு" என்றார் சமையல்காரர்.

மெக்கானிக் கரண்டியைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நின்றுபோன ஒரு லிஃப்டை அவர் அப்படியே விட்டதில்லை. அன்றைக்கு விட்டார்.

"அதை ஒரு தட்டுல போட்டுத் தர்றீங்களா? மேல என் சம்சாரம் உட்கார்ந்திருக்கா."

"நெஜமாவே சாப்பிடுவாங்களா?" சமையல்காரர் கரண்டியோடு திரும்பினார். "பதினாறு வருஷம் ஆச்சு. சாப்பிட்டாங்களான்னு கேட்டா, உணர்ந்தாங்கன்னு சொல்றாங்க."

"சாப்பிடுவா. உப்பு இருக்கா?"

உப்பு இருந்தது. ஒளித்து வைத்திருந்தார். இரண்டு முட்டை, ஒரு குவியல் உருளைக்கிழங்கு, அடுப்பு ஓரத்தில் சுட்ட தடித்த இரண்டு துண்டு ரொட்டி. தன் சாப்பாடு முழுவதையும் தட்டில் சரித்து, உப்பைத் தூவி, தோள் துண்டால் தட்டைப் பிடித்துக்கொள்ளக் கொடுத்தார். ஆறுவதற்குள் ஓடுங்கள் என்றார்.

ஐம்பது வயதைத் தாண்டியவர் ஐம்பத்திரண்டு படியை ஓடி ஏறுவது லேசில்லை. கூடத்துக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது ஏழாவது தட்டின் பெயரை அம்மாள் அறிவித்துக்கொண்டிருந்தார். பெயர் பாதியில் நின்றது. அதற்குள் வாசனை மேஜையின் கடைசிவரை போய்விட்டது. நீதிபதி எச்சில் விழுங்கிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

அவள் சொன்னபடி உட்கார்ந்தே இருந்தாள். அவர் தட்டை அவள் முன்னால் வைத்தார். மேல்மூச்சு வாங்கியது. அவள் ஒருமுறை அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். ரொட்டியைப் பிட்டு, மஞ்சள் கருவில் தோய்த்து, வாயில் போட்டுக்கொண்டாள். நாற்பது நாளைக்குப் பிறகு நாக்கில் உப்புப் பட்டது. கண் நிறைந்து வழிந்தது. எந்தக் கையால் துடைப்பது என்று அவள் யோசிக்கவில்லை.

"இவங்களை வெளியே அனுப்புங்க" என்றார் மேதை.

பரிமாறுகிறவர்கள் இரண்டு பேர் வந்து அவள் நாற்காலிக்கு இருபுறமும் நின்றார்கள்.

"மெல்றாங்க" என்றார் மெக்கானிக். "பதினேழாம் விதி."

அம்மாள் புத்தகத்தைப் புரட்டினார். பதினேழு அங்கேதான் இருந்தது, மேதையின் கையெழுத்தோடு. இருவரும் பின்வாங்கினார்கள். அவள் மென்றாள். ஒரு வாய் முடியும் முன் அடுத்த வாயை எடுத்தாள். முப்பத்தொரு வருடம் வாரி வாரிப் போட்டுக்கொண்டவள், அன்றைக்கு ஒவ்வொரு உருளைக்கிழங்குத் துண்டையும் அவசரமில்லாமல் மென்று தின்றாள். மேதையும் அதிகாரியும் பதினோரு பேரில் மீதிப் பேரும் அரை மணி நேரம் நின்று பார்த்தார்கள். யார் முகத்திலும் ஈயாடவில்லை.

"அது... சூடா இருக்குங்களா?" என்று நீதிபதி மெதுவாகக் கேட்டார்.

"இருக்கு" என்றாள். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

"யார் சமைச்சது?" என்றார் மேதை.

"கீழே உங்க சமையல்காரர்."

"எனக்குச் சமையல்காரர் இருக்காரா?" மேதை அதிகாரியைப் பார்த்தார். அம்மாள் தரையைப் பார்த்தார்.

தட்டை ரொட்டியால் துடைத்து அதையும் மென்று விழுங்கிய பிறகுதான் அவள் எழுந்தாள். வாழ்நாள் முழுவதும் அவர்கள் இருவருக்கும் அனுமதி இல்லை என்று வாசலிலேயே எழுத்து மூலம் கொடுத்தார்கள். திரும்பும் ரயிலில் இரண்டு பேரும் ஒரே பெட்டியில் உட்கார்ந்து வந்தார்கள்.

பதினைந்து நாளில் விமர்சகரின் கட்டுரை வெளிவந்தது. ஏழு வெறும் தட்டுகளும் மகத்தானவை. ஆனால் எட்டாவது படைப்பான 'மனைவி'க்கு ஈடு இணை இல்லை. ஒரு பெண் உண்மையாகவே உண்பதைப் பத்துப் பேர் பட்டினியாக நின்று பார்க்கும் அந்தத் துணிச்சலை உலகில் வேறெந்த உணவகமும் காட்டியதில்லை என்று எழுதியிருந்தார். முன்பதிவு ஆறு வருடத்துக்கு நிரம்பிவிட்டது. லிஃப்டை யாரும் பழுதுபார்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று மெக்கானிக்குக்கு ஒரு கடிதம் வந்தது. அதை அவர் கிரீஸ் துடைக்க வைத்துக்கொண்டார்.

அவளுக்குத் தனியாக ஒரு கடிதம். தினமும் அதே நாற்காலியில் உட்கார்ந்து விருந்தினர்களுக்கு முன்னால் சாப்பிட்டுக் காட்டும் பதவியை உணவகம் அவளுக்கு அளிக்க முன்வந்திருப்பதாகவும், அதற்கு முன் அவளுடைய பசி அசல்தானா என்பதை ஒரு குழு நேர்காணலில் சோதிக்கும் என்றும், நாற்பத்தெட்டுப் பக்கப் படிவத்தை மறுபடி நிரப்பி அனுப்ப வேண்டும் என்றும் அதிகாரி அம்மாள் எழுதியிருந்தார்.

மெக்கானிக் அடுப்படியில் முட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் ஓய்வுபெற்ற நாளிலிருந்து காலைச் சாப்பாடு அவர் பொறுப்பு. இரண்டில் ஒன்று கருகும். அவள் மேஜை முன்னால் உட்கார்ந்தபடியே படிவத்தைப் புரட்டினாள். முதல் கேள்வி அதேதான், முதல் பசி. பேனாவை எடுத்து, கேள்வியின் கீழ் இருந்த முக்கால் பக்க வெற்றிடத்தில் ஒரே ஒரு சொல் எழுதி, உறையிலிட்டு ஒட்டினாள்.

'சாப்பிட்டாச்சு.'